ஆறாவது குழியில் லவோன் பார்த்தது

லவோன் க்ரென்ஸ் பொறாமைக்காரி என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அதற்காக யாரும் அவளை ஒதுக்கியதில்லை, ஏனென்றால் அவள் பொறாமையால் எங்களுக்கு லாபம்தான். யார் வீட்டுச் சமையலறைக்குப் புது அலமாரி வந்தாலும், யார் மகளுக்கு நல்ல வேலை கிடைத்தாலும் லவோன் முகம் அன்றைக்கு ஒரு மாதிரி இறுகிப்போகும். மறுநாள் காலையில் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு அடுப்பில் சுட்ட ஒரு பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "சும்மா செஞ்சேன், மிஞ்சிப் போச்சு" என்பாள். நேற்று வயிறு எரிந்ததற்கான பரிகாரம் அது என்று எங்களுக்குப் புரியும். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

சீஸ் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் அவள் வேலை பார்த்தாள். ஐம்பது வயதை நெருங்கும்போது அவள் புருஷன் கேரி, பல் டாக்டரிடம் வேலை செய்த ஒருத்தியோடு அரிசோனாவுக்குப் போய்விட்டான். படகை எடுத்துக்கொண்டு போனவன் கோல்ஃப் பையை மறந்துவிட்டான். லவோன் அந்தப் பையைக் காரில் போட்டுக்கொண்டு எங்கள் நகராட்சி மைதானத்துக்கு வந்தாள். முதல் நாள் அவள் அடித்தது பந்தை அல்ல, கேரியை. பந்து நாலடி கூடப் போகவில்லை. புல்தான் மண்ணோடு பெயர்ந்து பறந்தது. ஆனாலும் சாயங்காலம் முகம் சிவக்க, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அந்த வாரமே இன்னொரு தடவையும் வந்தாள்.

நான் அந்த மைதானத்தின் கல்லாவில் உட்காருகிறவள். சீட்டுக் கொடுப்பேன், மட்டை இல்லாதவர்களுக்கு வாடகைக்கு எடுத்துத் தருவேன், ஹாட் டாக் சூடு பண்ணுவேன். முன்னே மாட்டுப் பண்ணையாக இருந்த இடம் அது. தீவனம் கொட்டி வைக்கும் சிமென்ட் கோபுரம் இன்னும் ஆறாவது குழிக்குப் பக்கத்தில் நிற்கிறது. மொத்தமே ஒன்பது குழிதான். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள், தோட்ட வேலைச் செருப்போடு வருவார்கள். ஏரிக்கரையில் பணக்காரர்கள் ஆடும் க்ளப்பில் காலர் இல்லாத சட்டை போட்டவனை உள்ளே விடமாட்டார்கள். இங்கே டெல்பர்ட் சட்டையே இல்லாமல்தான் புல் வெட்டுவார். டெல்பர்ட்தான் எங்கள் மைதானத்தைப் பராமரிக்கிறவர், எழுபது தாண்டியவர்.

லவோன் வருஷக்கணக்காக ஆடினாள். பெரிய ஆட்டக்காரி ஆகிவிடவில்லை. ஆனால் பந்து அவள் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரே அடியில் பந்து குழிக்குள் போய் விழ வேண்டும். 'ஹோல் இன் ஒன்' என்று ஆடுகிறவர்கள் எல்லாரும் கனவு காண்கிற விஷயம் அது. பலருக்கு ஆயுசு முழுக்க வாய்க்காது. லவோனுக்கு எத்தனையோ தடவை பந்து குழியில் நட்டிருக்கும் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. ஒருமுறை கொடிக்கம்பத்திலேயே பட்டு வெளியே தெறித்தது. அன்றைக்கு அவள் கல்லாப் பக்கமே வராமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொரின் பவெல்கா அவளுடைய தோழி. ஒரே தெரு, ஒரே பள்ளி. லவோனுடைய பொறாமை ஊரில் எல்லார் மேலும் மாறி மாறி விழும் என்றாலும், அது குடியிருந்தது கொரின் மேல்தான். கொரின் எதற்கும் ஆசைப்பட்டு யாரும் பார்த்ததில்லை. எல்லாம் தானாக அவள் மடியில் வந்து விழும். பள்ளி விழாவில் ராணியாக யாரைத் தேர்ந்தெடுப்பது என்றபோது, அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த கொரினைத் தேர்ந்தெடுத்தார்கள். லியோ முதலில் நடனத்துக்கு அழைத்தது லவோனைத்தான், கல்யாணம் பண்ணிக்கொண்டது கொரினை. சனிக்கிழமை பாரில் நடக்கும் இறைச்சிக் குலுக்கலில் லவோன் வாரம் தவறாமல் சீட்டு வாங்கி ஒரு துண்டு பன்றிக்கறிகூட ஜெயித்ததில்லை. கொரின் ஒரே ஒரு தடவை, கழிப்பறை எங்கே என்று கேட்க உள்ளே வந்தவள், சில்லறை மாற்றுவதற்காக ஒரு சீட்டு வாங்கினாள். முழுப் பன்றித் தொடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"அவ மேல எனக்குக் கோபமே வராது. அதுதான்டி எனக்குப் பெரிய எரிச்சல்," என்று லவோன் ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

லியோ இதயம் நின்று திடீரென்று செத்துப்போனதும் கொரின் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிட்டாள். திரைச்சீலையைத் திறப்பதில்லை. கண்ணிலும் புரை விழுந்து, தூரத்தில் இருப்பது எல்லாம் பால் ஊற்றினாற்போல மங்கலாகத் தெரிந்தது. ஆபரேஷன் பண்ணிக்கொள்ளச் சொன்னதற்கு, பார்த்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். ஒரு குளிர்காலம் முழுக்க லவோன்தான் அவள் வீட்டு வாசலில் பனி தள்ளினாள், சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள், மாத்திரை வாங்கி வந்தாள். பனி உருகியதும் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்.

அந்தக் கோடை லவோனுக்கு நல்ல கோடை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் அவள் கொரினுக்கு மேலே இருந்தாள். மட்டையை எப்படிப் பிடிப்பது, தோளை எப்படித் திருப்புவது என்று அவள் சொல்லச் சொல்ல கொரின் கேட்டுக்கொள்வாள். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கொரின் கேட்கும் கேள்வி ஒன்றுதான், பந்து எங்கே போச்சு என்று. பளிச்சென்ற மஞ்சள் பந்து வாங்கியும் அவள் கண்ணுக்கு எட்டவில்லை. லவோன் பக்கத்தில் நின்று சொல்வாள்: இடது பக்கம் மரத்தடியில், மணல் குழியில், டெல்பர்ட்டின் வண்டிச் சக்கரத்துக்குக் கீழே. கொரின் சிரிப்பாள். லியோ போன பிறகு அவள் சிரித்து நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். லவோன் சாயங்காலம் கல்லாவுக்கு வந்து, "இன்னிக்கு என் ஆளு எப்படி?" என்று என்னிடம் பெருமையாகக் கேட்பாள். என் ஆளு என்றுதான் சொல்வாள்.

அடுத்த கோடையில் கொரின் நன்றாக ஆட ஆரம்பித்தாள். அவளுக்கு அவசரம் கிடையாது, பதற்றம் கிடையாது, குழி கண்ணுக்குத் தெரியாததால் குறி பார்த்துத் தடுமாறவில்லை, பந்து நேராகப் போயிற்று. செவ்வாய்க்கிழமை பெண்கள் ஆட்டத்தில் ஒருநாள் லவோனும் கொரினும் சமமாக வந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் கொரின் முன்னால் போய்விட்டாள். லவோன் என்னிடம் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, "காத்து அவ பக்கம் அடிச்சுது" என்றாள். இரண்டு பேரும் ஒரே திசையில்தானே ஆடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கொரின் வீட்டுக்கு உருளைக்கிழங்குத் தட்டு வாரத்துக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது. "இவ்ளோ சீஸ் என் உடம்புக்கு ஆகாது, அவகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கொரின் என்னிடம் கேட்டாள். அவளுக்கு அந்தத் தட்டின் அர்த்தம் தெரிந்திருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆகஸ்ட் கடைசியில் அது நடந்தது. வழக்கமாக அவர்களோடு ஆடும் மற்ற இரண்டு பேரும் அன்றைக்கு வரவில்லை. இவர்கள் மட்டும்தான் போனார்கள். ஆறாவது குழி சரிவில் கீழே இருக்கிறது. மேலே நின்று அடித்தால் கொடியும், அதைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லும் நன்றாகத் தெரியும், கண் தெரிகிறவர்களுக்கு.

லவோன் முதலில் அடித்தாள். பந்து கோபுரத்தின் அடிவாரத்தில் போய் நாணலுக்குள் விழுந்தது. பிறகு கொரின் நின்றாள், எதையும் பார்க்காமல், பார்க்க எதுவும் இல்லாததால், நிதானமாக அடித்தாள். மஞ்சள் பந்து புல்வட்டத்தின் முன் ஓரத்தில் ஒருமுறை எழும்பி, உருண்டு, சரிவில் வளைந்து, கொடிக்கு அடியில் போய்க் காணாமல் போனது.

லவோன் முழுவதையும் பார்த்தாள்.

"எங்கடி போச்சு?" என்றாள் கொரின்.

அப்போது தன் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று தனக்கே தெரியாது என்று லவோன் பின்னால் சொன்னாள். வந்தது இதுதான்: "கொடி பக்கத்துல எங்கயோ நிக்குது. நல்ல அடி."

சொன்னதோடு நின்றிருந்தாலும் உண்மை தானாக வெளியே வந்திருக்கும். ஆனால் லவோன் வேகமாக இறங்கி நடந்தாள். கொரினுக்கு மூட்டுவலி, பையை வைத்து இழுக்கும் சின்ன வண்டியோடு அவள் மெதுவாகத்தான் சரிவில் இறங்கி வர முடியும். லவோன் கொடிக்குப் பக்கத்தில் குனிந்தாள், குழிக்குள் கையை விட்டாள், பந்தை எடுத்து ஒரு முழம் தள்ளிப் புல்லின் மேல் வைத்தாள். வைத்துவிட்டு, தன் பந்தைத் தேடுகிறவள்போல நாணலுக்குப் போய்விட்டாள்.

கொரின் வந்து பார்த்தாள். கிட்டத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு முழ தூரத்தில் தன் பந்து நிற்பதைப் பார்த்து மூச்சை இழுத்துக்கொண்டாள். மெல்லத் தட்டினாள், பந்து உள்ளே போயிற்று. மட்டையால் மொத்தமே இரண்டு அடி. அதற்கு முன் எந்தக் குழியையும் அவள் இரண்டடியில் முடித்ததில்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு நாணலுக்குள்ளேயே வந்து லவோனைக் கட்டிக்கொண்டாள். உன்னால்தான், உன்னால்தான் என்று சொன்னாளாம்.

அன்று சாயங்காலம் கல்லாவில் இருந்த எல்லாருக்கும் கொரின் பீர் வாங்கிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் கையை விரித்துக் காட்டி, "இவ்ளோதான், இவ்ளோதான் தூரம்" என்று மேசை மேசையாகச் சொன்னாள். லவோன் உருளைக்கிழங்கு அப்பத்தை வெட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள். கொரினிடமிருந்து பெரியதைப் பறித்துவிட்டு சின்னதை விட்டுவைத்தால் தன் வயிறு ஆறிவிடும் என்று நினைத்திருக்கிறாள். ஆறவில்லை. அந்தச் சின்னதை வைத்துக்கொண்டே கொரின் இவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். தனக்கு ஹோல் இன் ஒன்னே கிடைத்திருந்தாலும் இப்படிச் சிரிக்க வந்திருக்காது என்று லவோனுக்குத் தோன்றியது. அந்தச் சிரிப்பின் மேலும் பொறாமை வந்தது.

அந்த முறை கொரின் வீட்டுக்குத் தட்டு போகவில்லை.

செப்டம்பர் கடைசியில் பருவ முடிவு விருந்து. ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து, ஆட்டக்காரர்களும் டெல்பர்ட்டும் நானும் கூரைக்குக் கீழே நீள மேசையில் உட்கார்ந்திருந்தோம். கொரின் எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. காகிதக் கைக்குட்டையைத் திருகிக்கொண்டே பேசினாள். கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டதாகச் சொன்னாள், எல்லாரும் கை தட்டினோம். "இத்தனை நாள் எனக்குக் கண்ணு லவோன்தான். அவ பார்த்துச் சொன்னதைத்தான் நான் பார்த்தேன். அவ இல்லன்னா நான் இன்னும் அந்த இருட்டு வீட்டுல உக்காந்திருப்பேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

லவோன் கையில் முள்கரண்டி இருந்தது. அதைத் தட்டில் வைத்தாள்.

"அந்தப் பந்து குழிக்குள்ள விழுந்துச்சு," என்றாள். "ஆறாவது குழியில. ஒரே அடியில. நான்தான் எடுத்து வெளிய வெச்சேன்."

யாரோ ஒருவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கொரின் அவள் பக்கம் திரும்பினாள். "எதுக்குடி?"

"பொறுக்கல."

டெல்பர்ட் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. கொரின் மேசை விரிப்பை நீவிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"நீ பார்த்தியா? விழுந்தப்ப?"

"பார்த்தேன்."

"எப்படி விழுந்துச்சு? சொல்லு."

லவோனுக்குப் புரியவில்லை. கொரின் மறுபடியும் சொன்னாள், குரல் உயரவில்லை. "எனக்குக் கிடைச்சதை நான் பார்க்கல. நீதான் பார்த்திருக்கே. ஆரம்பத்துலேந்து சொல்லு."

அத்தனை பேர் முன்னால் லவோன் சொன்னாள். பந்து எவ்வளவு உயரம் போயிற்று, எங்கே விழுந்து எழும்பியது, முதலில் கொடியைத் தாண்டிப் போய்விடும் என்று நினைத்தது, சரிவு அதை இடது பக்கம் திருப்பியது. "வேகம் கொறைஞ்சு கொறைஞ்சு வந்துச்சு. குழி விளிம்புல போய் நின்னுச்சு. நின்னுடுச்சுன்னே நெனச்சேன். நிக்கணும்னு வேண்டிக்கிட்டேன். அப்புறம் உள்ள போயிருச்சு." கொரின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

கேட்டு முடித்ததும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். லவோனின் காரில்தான் இருவரும் வந்திருந்தார்கள். "டெல்பர்ட், என்னை வீட்டுல விட்டுட முடியுமா?" என்றாள். டெல்பர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

குளிர்காலத்தில் இந்த விஷயத்தைப் பற்றி மைதானக் குழுவில் பெரிய பேச்சு நடந்தது. பந்து குழிக்குள் விழுந்த நிமிஷமே ஆட்டம் முடிந்தது, அதற்குப் பிறகு யார் எடுத்தால் என்ன, அது ஹோல் இன் ஒன்தான் என்று டெல்பர்ட் சொன்னார். அன்றைக்குப் பொய் சொன்ன சாட்சி இன்றைக்குச் சொல்வதை எப்படி நம்புவது என்று வேறு சிலர் கேட்டார்கள். கடைசியில் கொரினிடமே கேட்டார்கள். "லவோன் என் மேல பொறாமைப்பட்டு எதை வேணா செய்வா. எனக்கு இல்லாத ஒண்ணை இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டா," என்றாள். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. ஹோல் இன் ஒன் அடித்தவர்களின் பெயர்ப் பலகையில் அவள் பெயரைப் போட்டார்கள்.

ஆனால் லவோனிடம் அவள் பேசவில்லை. லவோன் அந்தக் குளிர்காலத்திலும் அவள் வாசலில் பனி தள்ளப் போனாள். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. மூன்றாவது தடவை போனபோது, பனி ஏற்கெனவே தள்ளியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கொரின் சொல்லி வைத்திருந்தாள்.

கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வசந்தத்தில் கொரின் மைதானத்துக்கு வந்து, கல்லாவில் நின்று ஜன்னல் வழியே ரொம்ப நேரம் பார்த்தாள். "ட்ரூடி, இந்த இடம் இவ்ளோ சின்னதா?" என்று என்னிடம் கேட்டாள். செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் இரண்டு நர்ஸுகளோடு அவள் சேர்ந்துகொண்டாள். அப்போதுதான் விளையாடப் பழகுகிற, சின்ன வயசுப் பெண்கள். பந்தை நாணலுக்குள் அடித்துவிட்டுக் கத்துவார்கள், கொரின் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள்.

லவோன் தனியாக ஆடினாள். மூன்றாவது குழியும் ஏழாவது குழியும் பக்கம் பக்கமாக இருப்பதால், இவள் ஒன்றில் நிற்கும்போது அவர்கள் மற்றதில் வருவார்கள். அந்த நர்ஸுகளின் பெயரை லவோன் சொல்லமாட்டாள். "அந்த ரெண்டு பேரும்" என்பாள். "அந்த ரெண்டு பேரும் மட்டையை எப்படிப் பிடிக்கிறாளுங்க பார்த்தியா? விளக்குமாத்தைப் பிடிக்கிற மாதிரி. அவ எப்படி அதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா?" என்று கல்லாவில் சாய்ந்து என்னிடம் கேட்பாள். கேரி போனபோதுகூட அவளை நான் இவ்வளவு வாடிப்போய்ப் பார்த்ததில்லை. பொறாமை அவளுக்குப் பழகினதுதான், ஆனால் இதற்கு முன் அவள் பொறாமைப்பட்டதெல்லாம் தனக்குக் கிடைக்காததற்கு. இந்தத் தடவை தன் கையில் இருந்ததற்கு.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை கொரின் தனியாக வந்தாள். லவோன் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். கொரின் அவளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாள்.

"துணைக்கு ஆள் யாராவது இருக்காங்களா? தனியா ஆடினா போரடிக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் லவோன், "நான் ஒருத்திதான் இருக்கேன்" என்றாள்.

"இருந்தா வா."

இருவரும் போனார்கள். முதல் நாலு குழிவரை பேச்சே இல்லையாம். ஐந்தாவதில் கொரின் நல்ல அடி ஒன்று அடித்தாள், பந்து கொடிக்கு நேராகப் போய் நின்றது.

"வயிறு எரியுதா?" என்று கொரின் கேட்டாள்.

"எரியுது."

"ரொம்பவா?"

"ரொம்பத்தான்டி. எதுக்குக் கேக்கறே?"

"தெரிஞ்சுக்கத்தான். இனிமே எரிஞ்சா வாயைத் திறந்து சொல்லு. கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

அதற்கு லவோன் சரி என்றாளா இல்லையா என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து வந்தபோது லவோனின் கண் சிவந்திருந்தது. கொரின் ஹாட் டாக் இரண்டு கேட்டாள், ஒன்றில் வெங்காயம் வேண்டாம் என்றாள். வெங்காயம் பிடிக்காதவள் லவோன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லவோன் சீக்கிரமே வந்து நின்றாள். கொரின் நர்ஸுகளோடு வந்தாள். லவோன் தன் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பக்கம் நடந்தபோது கொரின் கையை நீட்டித் தடுத்தாள். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "செவ்வாய்க்கிழமை இவங்களுக்கு. உனக்கு வியாழக்கிழமை."

"செவ்வாய்க்கிழமை நம்ம நாள்டி."

"இருந்துச்சு," என்றாள் கொரின். பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது இன்றைக்கும் அப்படியேதான் நடக்கிறது. வியாழக்கிழமைகளில் இருவரும் ஒன்றாக ஆடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை லவோன் மைதானத்துப் பக்கம் வருவதில்லை. அன்று சாயங்காலம் அவள் தெரு வழியாகப் போனால் புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்கும். ஏற்கெனவே ஒட்ட வெட்டிவிட்ட தோட்டத்தில் வெட்டுவதற்குப் புல்லே இருக்காது. அவள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாள், திருப்புவாள், மறுபடியும் தள்ளுவாள்.